கப்பல் அக்காவின் கத்திரிக்கோல்

அந்தக் குடியிருப்பில் அவளைத் தையல்காரி என்று யாரும் சொல்வதில்லை. கப்பல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடலைப் படத்தில் மட்டுமே பார்த்தவள்தான். ஆனால் வெளிநாட்டுக் கடையில் யார் எதை வாங்குவதென்றாலும், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அவளுடைய தையலறைக்கு வந்துதான் ஆகவேண்டும்.

எல்லாம் இந்த அனுப்புகூலி செய்த வேலை. ஒரு கைப்பையை வரவழைத்தால் பையின் விலையைவிடக் கூலி தலைதூக்கி நிற்கும். நாலு வீட்டுச் சாமான்களை அங்கேயே ஒரு கிடங்கில் சேர்த்து, ஒரே பெட்டியாகத் தன் மகளின் பெயருக்கு வரவழைத்தால் கூலி நாலாகப் பிரியும் என்று கண்டுபிடித்தவள் அவள். வெட்டிய துணியில் விரலகலத் துண்டு மிஞ்சினாலும் பத்திரப்படுத்துகிறவளுக்கு அந்த யோசனை வராமல் யாருக்கு வரும்?

இந்த முறைப் பெட்டியில் மூன்றாம் மாடி வாத்தியாருக்கு ஒரு மைக், எதிர்வீட்டு நர்ஸுக்குக் கைப்பை, அப்புறம் கீழ்வீட்டுக் காவலாளிக்கு ஒரு ஜோடி பூட்ஸ். பூட்ஸ்தான் முக்கியம். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அந்த மனுஷனுக்கு வலது கால் சிறுத்துக் குட்டையாகிவிட்டது. பஞ்சு அடைத்த பூட்ஸோடு நாள் முழுக்க வாசலில் நின்று நின்று இடுப்பே போய்விட்டது. இடதுக்கு ஓர் அளவு, வலதுக்கு வேறோர் அளவு, வலது அடியில் உயரம் கூட்டி, கேட்டபடி செய்து தரும் கடை ஒன்றை அவர் மனைவி எப்படியோ தேடிப் பிடித்திருந்தாள்.

ஆர்டர் போடும்போது மகள்தான் சொன்னாள். "பெட்டியில இன்னும் இடம் இருக்கும்மா. ஏதாவது போட்டாலும் கூலி ஒண்ணுதான்."

இடம் சும்மா வருகிறது என்றதும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. வெகுநாளாகக் கண் வைத்திருந்த ஒரு கத்திரிக்கோலைச் சேர்த்துவிட்டாள். தனக்கென்று அவள் ஆசைப்பட்டு வாங்கியது, தெரிந்தவரை, அது ஒன்றுதான்.

பெட்டி வந்து இறங்கியது. ஆனால் வீட்டுக்கு வரவில்லை. சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள். குறிப்பிட்ட மதிப்பைத் தாண்டினால் மொத்தத்துக்கும் வரியாம். அனுப்புகூலியையும் விலையோடு சேர்த்து அதற்கும் வரியாம். கூலியை மிச்சம் பிடிக்கப் போய் அதைப்போல இரண்டு மடங்கு வந்து நின்றது. மகள் போனில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "கத்திரிக்கோல் இல்லன்னா வரம்புக்குள்ளயே இருந்திருக்கும்மா."

"அத மட்டும் திருப்பி அனுப்ப முடியாதா?"

"ஒரே பெட்டி, ஒரே பேரு. மொத்தமாத்தான் எடுக்கணும். இல்லன்னா மொத்தமாத் திரும்பிடும்."

சாயங்காலம் தையலறையில் எல்லோரும் கூடினார்கள். வாத்தியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "தனித்தனியா வாங்கியிருந்தா இந்த வம்பே இல்ல. திருப்பிடலாம். பொருளோட காசாவது வரும்," என்றார். நர்ஸும் தலையாட்டினாள். காவலாளியின் மனைவி மட்டும் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அளவெடுத்துச் செய்த பூட்ஸைக் கடைக்காரன் திரும்ப எடுக்கமாட்டான். காசும் போகும், பூட்ஸும் போகும். ஆனாலும் மற்றவர்களிடம் வரியைக் கட்டுங்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கக் கப்பல் அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என் சாமானாலதான் வரம்பு தாண்டிச்சு. வரிய நானே கட்டிடறேன்," என்றாள்.

"அதெப்படி, வேணாங்க்கா" என்று எல்லோரும் ஒருவாட்டி சொன்னார்கள். இரண்டாம்வாட்டி யாரும் சொல்லவில்லை. காவலாளியின் மனைவி மட்டும் மறுநாள் கையில் கொஞ்சம் பணத்தோடு வந்தாள். அக்கா அதை அவள் கையிலேயே வைத்து மூடி அனுப்பிவிட்டாள்.

தையல் மெஷினுக்கு மோட்டார் வைக்கவேண்டும் என்று சேர்த்த பணம் வரிக்குப் போயிற்று. மிதித்து மிதித்து முழங்கால் விண்ணென்று தெறிப்பதற்கு அதுதான் மருந்தென்று நம்பியிருந்தாள். பெட்டி வந்தது, அவரவர் சாமானை அவரவர் கொண்டுபோனார்கள். கத்திரிக்கோலை மட்டும் அவள் உறையிலிருந்தே எடுக்கவில்லை. பார்த்தாலே எரிச்சலாக இருந்தது. பழைய கத்திரிக்கோலாலேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

குனிந்து தைத்துக்கொண்டே, வருவது யார் என்று காலடியை வைத்தே சொல்லிவிடுவாள். வாத்தியார் தடதடவென்று இறங்குவார். நர்ஸ் வருவதே தெரியாது. அன்றைக்கு வந்த காலடி சீராக, ஒரே தாளத்தில் வந்து வாசலில் நின்றது.

"யாருங்க?" என்றாள், தலை நிமிராமலே.

"நான்தாங்க்கா."

நிமிர்ந்தாள். காவலாளி, கையில் புதுச் சீருடைத் துணியோடு நின்றார்.

அளவு நாடாவை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அவருக்கு எத்தனையோ பேண்ட் தைத்திருக்கிறாள். வலது கால் குட்டை. வழக்கம்போல அந்தப் பக்கம் உயரத்தைக் குறைத்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட ஆரம்பித்தாள்.

"அக்கா," என்றார் அவர், கொஞ்சம் கூச்சத்தோடு. "இந்தவாட்டி ரெண்டு காலும் ஒரே உயரமா வச்சிடுங்க."

அவள் அவருடைய பூட்ஸைப் பார்த்தாள். போட்ட கோட்டைத் தட்டி அழித்தாள். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, உறையைக் கிழித்து, புதுக் கத்திரிக்கோலை எடுத்தாள். இரண்டு காலுக்கும் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துப் போட்டு, ஒரே வெட்டாக வெட்டினாள்.