பீட்டரின் என்.ஓ.சி.

1. விசில் என்னிடம், காது அவனிடம்

கம்பெனி ஃபுட்பால் டீமுக்குக் கோச்சாக முதல் நாள் மைதானத்தில் இறங்கியபோது என் கழுத்தில் புது விசில், பையில் கோச்சிங் லைசென்ஸ். டிஃபென்ஸ் லைனை மேலே ஏற்றி நிற்கச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் நகரவில்லை. டச்லைன் ஓரம் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த பீட்டரைப் பார்த்தார்கள்.

"ஹவ், ஆமாப்பா, சார் சொல்றதுதான் கரெக்ட்டு. மேல வாங்கப்பா" என்றான் அவன். அப்புறம்தான் நகர்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

பீட்டரும் நானும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரே நாளில் அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தவர்கள். காலையில் கார்டு பஞ்ச், மதியம் இரண்டு மணிக்கு பிராக்டிஸ். அவன் லெஃப்ட் விங், நான் ஸ்டாப்பர். நான் நாலு கோலைத் தடுத்தாலும் கைதட்டல் அவன் அடித்த ஒன்றுக்குத்தான். நான் கோர்ஸ் முடித்து கோச் ஆனேன், பிறகு ஸ்போர்ட்ஸ் ஆபீசரும் ஆனேன். அவன் ஆட்டத்தை விட்ட பிறகும் மெஷின் ஷாப்பில் லேத்தோடு இருந்தான். ஞாயிறு காலைகளில் லோத்குண்டா மைதானத்தில் தானாகவே ஒரு டீமுக்குப் பயிற்சி கொடுத்தான். அந்த டீம் எங்கள் டீமை மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்கடித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"தோத்துட்டேள்னு வருத்தமா, பீட்டர் ஜெயிச்சுட்டார்னா?" என்று என் மனைவி கேட்டாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

2. அண்டர் பிராசஸ்

ஒரு நாள் பீட்டர் என் அறைக்கு ஒரு ஃபாரத்தோடு வந்தான். கோட்டா ஆட்கள் லைசென்ஸ் கோர்ஸுக்குப் போக, ஆட்சேபணை இல்லை என்று கம்பெனி தரும் என்.ஓ.சி. வேண்டும். அது ஸ்போர்ட்ஸ் ஆபீசர் கையெழுத்தில்தான் ஆரம்பிக்கும்.

"ஸ்டேட் ஜூனியர் டீமுக்கு கோச்சா கூப்புடுறாங்கடா. லைசென்ஸ் இல்லாம நக்கோ, வேணாம்ன்றாங்க. இந்த வருசம் வுட்டா ஏஜ் லிமிட் தாண்டிடும். கொஞ்சம் பாத்து அனுப்புடா."

"வச்சுட்டுப் போ, பாத்துக்கறேன்."

கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருந்தது. லைசென்ஸ் வைத்திருப்பவன் நான். ஸ்டேட் டீம் கூப்பிட்டது அவனை. அதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஃபாரத்தை டிராயரில் போட்டேன்.

எங்கள் ஆபீஸில் யாரும் எதையும் மறுப்பதில்லை. மறுத்தால் காரணம் எழுத வேண்டும். 'அண்டர் பிராசஸ்' என்றால் போதும், யாரும் கேட்க மாட்டார்கள். பீட்டர் இரண்டு முறை போன் செய்தான், இரண்டு முறையும் அதையே சொன்னேன். வெள்ளிக்கிழமை கடைசித் தேதி. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். முன்தேதி போடத் தைரியம் வரவில்லை.

3. கைக்கு?

தேதி தாண்டிவிட்டதென்று திரும்பி வந்த ஃபாரத்தை எடுத்துக்கொண்டு பீட்டர் வந்தான். நாற்காலியில் உட்காரவில்லை.

"மேல லேட் பண்ணிட்டா போலிருக்கு" என்றேன்.

என் கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதியில் விரலை வைத்தான். "கைக்குடா?" என்றான். ஏன் என்று கேட்க, தக்காண உருது கலந்து பேசும் எங்கள் ஊரில் அதுதான் வார்த்தை. இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பொறாமைடா."

அவன் என் மேஜை, பெயர்ப்பலகை, ஏ.சி. எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்தான்.

"எனக்கு மட்டும் பொறாமை இல்லியா? நீ இந்த ரூமுக்கு வந்த அன்னிக்கு நான் லீவு போட்டு ஊட்ல படுத்துக்கினேன். ஆனா என் கையில டிராயர் இல்ல." வாசல் வரை போய்த் திரும்பினான். "முடியாதுன்னு சொல்லியிருந்தா ஜி.எம். கிட்ட போயிருப்பேன்டா. பத்து நாள் இருந்துச்சு."

அதற்குப் பிறகு என்னை அவன் 'சார்' என்றுதான் கூப்பிட்டான்.

விளையாட்டிலிருந்து நாற்காலிக்கு வருகிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். பொறாமைப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ரிட்டயர் ஆன பிறகும், ஞாயிறு காலை லோத்குண்டா வழியாகப் போனால் அவன் டீமைப் பார்த்து எனக்கு எரியத்தான் செய்கிறது. எரிகிற வயிற்றோடேயே கையெழுத்துப் போடுங்கள், அன்றைக்கே போடுங்கள். அதுவும் முடியவில்லையென்றால் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லிவிடுங்கள். வேறு கதவைத் தட்ட அவர்களுக்கு நேரமாவது மிஞ்சும்.