பேட்டரியைத் தின்ற வயர்

தொழிற்சாலையில் எந்த மெஷின் நின்றாலும் "அழகேசனைக் கூப்பிடு" என்பார்கள். மலேசியாவின் சிடாம் கிரி ரப்பர் தோட்டத்தில் பிறந்து, சுங்கைப் பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலை எலக்ட்ரீஷியனாகத் தலை நரைத்தவர். அப்பேர்ப்பட்டவரைச் சொந்தப் படகே சந்தி சிரிக்க வைத்துவிட்டது.

மெர்போக் ஆற்றில் ஓடும் பழைய மோட்டார் படகு. மனைவி வாசுகியின் தம்பி சத்தியசீலனோடு கூட்டாக, மலாய் மீனவர் ஒருவரிடம் வாங்கியது. வார நாட்களில் துறையில் சும்மா கிடக்கும். சனி, ஞாயிறில் சுற்றிப் பார்க்க வருபவர்களையும், அஸ்தி கரைக்க வருபவர்களையும் கழிமுகம் வரை ஏற்றிப் போவார்.

ஒரு ஞாயிறு, கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் ஏறி உட்கார்ந்தாயிற்று. ஸ்டார்ட்டர் 'டக்' என்றதோடு சரி. மீன் நாறும் வேறொரு படகுக்கு அவர்களை மாற்றிவிட வேண்டியதாயிற்று.

"ஃபேக்டரிக்கே கரண்டு குடுக்கிறவரு, போட்டுக்குக் குடுக்க முடியலையா லா?" என்றான் அந்தப் படகுக்காரன்.

"டைனமோதான் மாமா போயிருக்கும். பழைய சாமான்தானே," என்றான் சீலன். டைனமோவை மாற்றினார். பெல்ட்டை இறுக்கினார். பச்சை பூத்த பேட்டரி முனைகளைச் சுரண்டினார். புது பேட்டரியும் வந்தது. ஒவ்வொரு முறையும் சீலன் பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்தான். ஒரு வாரம் கட்டிக் கிடந்தால் மறுபடி அதே 'டக்'.

இப்போது பக்கிரிசாமியின் தாயார் அஸ்தி. பக்கிரிசாமி தொழிற்சாலையில் கூட வேலை செய்பவர். "உன்ன நம்பித்தான் வேற போட்டுக்குச் சொல்லி வைக்கல," என்று சொல்லியிருந்தார். நாளை காலையும் படகு காலை வாரினால், அழகேசன் என்ற பெயருக்கே மரியாதை இருக்காது.

சனிக்கிழமை மதியம் யாரிடமும் சொல்லாமல் தனியாகத் துறைக்கு வந்தார். சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டி, என்ஜினை ஓடவிட்டு மீட்டரை வைத்தார். பதினான்கு வோல்ட். ஏறுவதில் குறையே இல்லை. ஏறியதைத்தான் எதுவோ தின்கிறது. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது. மச்சான் பேச்சைக் கேட்டு மீட்டரைக் கேட்காமல் விட்டோமே என்று தலையில் தட்டிக்கொண்டார்.

என்ஜினை அணைத்து, எல்லா சுவிட்சையும் ஆஃப் செய்து, மைனஸ் வயரைக் கழற்றி இடையில் மீட்டரைச் சேர்த்தார். கரண்டு ஓடியது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எண் இறங்கவில்லை. எதுவோ பேட்டரியிலிருந்து நேராகக் குடிக்கிறது. தடித்த வயர்களுக்கு அடியில் விரலை விட்டுத் தடவிக்கொண்டே போனார். பின்சீட்டுக்குக் கீழே, மெல்லிய கறுப்பு வயரின் நுனியில், தீப்பெட்டி அளவில் ஒரு டிராக்கர். வண்டி எங்கே நிற்கிறது என்று போனில் பார்க்க, யாராவது கழற்றினால் உடனே தெரிந்துகொள்ள, லாரி முதலாளிகள் மாட்டுகிற ஜாதி. அலையாத்திக் காட்டில் சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரியை உறிஞ்சியிருக்கிறது.

பழைய சொந்தக்காரர் விட்டுப்போனதாக இருக்கும் என்று நினைத்து வயரைப் பிடுங்கினார். மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியது. மனசும் இறங்கி லேசானது. நிமிர்வதற்குள் போன் அடித்தது.

"மாமா, போட்டுல எதையாச்சும் கழட்டுனீங்களா?"

சீலன்.

"நான் போட்டுல இருக்கேன்னு யாருடா சொன்னா?"

கேட்கும்போதே அழகேசனுக்குச் சீலனின் டார்ச் பிடித்த கை நினைவுக்கு வந்தது. அந்த வெளிச்சம் ஒரு தடவைகூடப் பின்சீட்டுப் பக்கம் திரும்பியதில்லை.

"நான் உன் பங்கத் திருடுறேன்னு நெனச்சியா சீலா?"

"சத்தியமா இல்ல மாமா. அக்காதான்... ட்ரிப்பு முடிஞ்சும் வீட்டுக்கு வர்றதில்ல, எங்க போறாருன்னு தெரியணும்னு அழுதுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

அழகேசன் பலகையில் உட்கார்ந்துவிட்டார். ட்ரிப் முடிந்து படகைக் கழுவி, ஆற்றைப் பார்த்துக்கொண்டு ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம்தான் அது. வாசுகி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சோறு போட்டு, "பேட்டரி சரியாயிருச்சா?" என்று கேட்டதோடு சரி.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேடா."

"கோவிச்சுக்காதீங்க மாமா. நாளைக்கு ஒத்தாசைக்கு நான் வரவா?"

"வேணாம். காலையில பக்கிரிசாமியோட கழிமுகத்துக்குப் போறேன். அஸ்தி கரைக்க. உங்க அக்காகிட்ட சொல்லிரு."