பன்னிரண்டு சிலிண்டர் காற்று

தெருவில் அவரை எல்லோரும் காத்தக்கா என்றே அழைத்தனர். பத்தாண்டுகள் கணவரின் டயர் கடையில் லாரிச் சக்கரங்களுக்குக் காற்றடித்துக் கை பழகியவர் அவர். கடையை மூடிவிட்டுக் கணவர் லாரி ஓட்டப் போனபின், கடற்கரைச் சாலையில் இருந்த ஸ்கூபா நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கடலுக்குள் தள்ளியிருக்கும் பவளத்திட்டைக் காண மூழ்குவோர் முதுகில் சுமந்து செல்லும் சிலிண்டர்களில் காற்று நிரப்புவது அவர் பணி. ஆறாண்டுகளாக அப்பணியைச் செய்தும், முழங்காலுக்கு மேல் அவர் ஒருநாளும் கடலில் இறங்கியதில்லை. ஊரெல்லாம் அவர் காற்றை இழுத்துக்கொண்டு மூழ்க, அவர் மட்டும் கரையில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதாக மகள் கேலி செய்வாள்.

மருந்துக் கடையில் வேலை பார்த்த அந்த மகளுக்கு வயது இருபத்திரண்டு. ஆறு வாரம் நீச்சல் குளத்தில் பயிற்சி பெற்று, முதன்முறையாகத் திட்டுக்குச் செல்லும் குழுவில் இடம்பிடித்திருந்தாள். படகு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு.

வியாழனன்று காலை ஒன்பது மணி முதல் மறுநாள் விடியும்வரை மின்சாரம் இராது என்று முன்பே அறிவித்திருந்தார்கள். மின்தடை நாளில் மட்டும் பயன்படும் காற்றை அழுத்தி அடைக்கும் பழைய பெட்ரோல் கம்பிரசரைக் காத்தக்கா கொல்லைப்புறத்தின் நடுவே இழுத்து நிறுத்தினார். அதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அது காற்றை உறிஞ்சும் குழாயின் வாய், காற்று வீசி வரும் திசையில் உயரே இருக்க வேண்டும். திசை மாறினால் அதன் எஞ்சின் கக்கும் புகையையே அது உறிஞ்சி, சிலிண்டருக்குள் அடைத்துவிடும். காலையில் தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசியதால், தெருப்பக்க வேலிக் கம்பத்தில் குழாயைக் கட்டினார். ஒன்றாம் எண் சிலிண்டரில் தொடங்கி, ஒவ்வொன்றாக வரிசை தவறாமல் நிரப்பலானார்.

பதினொன்றரை மணிக்குப் பல் மருத்துவர் ஒருவர், தம் முகத்துக்குப் பொருந்தும் மூழ்குக் கண்ணாடியைத் தேர்ந்தெடுக்க வந்தார். மறுநாள் செல்லவிருந்த ஏழு விருந்தினர்களுள் அவரும் ஒருவர். நாளெல்லாம் பிறரை வாய் திறக்கச் சொல்லும் அந்த மனிதருக்கு, தம் வாயில் ஒரு குழாயைக் கவ்வுவதற்கு அவ்வளவு பயம். முன்னறையில் அமர்ந்து, நடுவழியில் காற்று தீர்ந்தால் என்ன, குழாய் கழன்றால் என்ன என்று கேட்டதையே கேட்டார். காத்தக்கா ஒரு மணி நேரத்துக்கு மேல் அவரோடு இருந்து சமாதானம் சொன்னார். சிலிண்டர் மாற்ற மட்டும் எழுந்து போய், அழுத்தமானியைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். இறுதியில், வேறு எதுவும் எடுபடாமற்போகவே, "என் பொண்ணே நாளைக்கு இதே காத்தைத்தான் இழுக்கப்போறா சார்" என்றார். அதன்பிறகே அவர் முகம் தெளிந்தது.

இரண்டு மணிக்குள் பன்னிரண்டும் நிரம்பின. எஞ்சினை நிறுத்தி, குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு வீடு திரும்பினார்.

நாலரை மணியளவில், காயப்போட்ட துணிகளை எடுக்க மாடிக்குப் போனார். காலையில் கடற்பக்கம் உப்பிக்கொண்டு பறந்த போர்வை, இப்போது தெருப்பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. நாள்தோறும் நண்பகலில் காற்று இப்படித் திரும்புவது அவர் அறியாததன்று. மின்சாரக் கம்பிரசர் புகை விடாது. ஆகவே ஆறாண்டுகளில் பெரும்பாலான நாள்கள் அதைக் கவனிக்கத் தேவையே இருந்ததில்லை. கையிலிருந்த துணிகள் தரையில் விழுந்தன. குழாயை அவர் மாற்றிக் கட்டவே இல்லை.

காற்று எப்போது திரும்பியது? ஏழாவது நிரம்பும்போதா, ஐந்தாவது நிரம்பும்போதா? நண்பகலுக்கு வெகுநேரம் முன்னரே நிரம்பிய முதல் மூன்றைத் தவிர, எதைப் பற்றியும் அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டிரண்டு படிகளாகத் தாவிக் கீழே இறங்கினார்.

மகள் கட்டிலில் சாமான்களைப் பரப்பி, ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகமூடி, துடுப்புக் காலணி, ரப்பர் உடை, துவாலை, வாந்தி மாத்திரை. தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"எனக்கு எந்த நம்பர் சிலிண்டர்மா?"

"ரெண்டு," என்றார் காத்தக்கா. "ரெண்டாம் நம்பரை எடுத்துக்கோ. வேற எதையும் தொடாதே."

"ஏன், மத்ததுல பூதத்தையா அடைச்சு வச்சிருக்க?"

தம் வாயிலிருந்து வந்த சொற்கள் காத்தக்காவின் காதிலேயே திரும்ப ஒலித்தன. மகளுக்கு நல்ல காற்றை ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றை யார் யார் முதுகிலோ ஏற்றி அனுப்ப அவர் மனம் ஒரு நொடியில் துணிந்திருந்தது. அதைக் கேட்ட பிறகு வீட்டில் நிற்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

முதலாளி சிலிண்டர்களை வண்டியில் ஏற்ற ஆயத்தமாக வாசலில் அடுக்கியிருந்தார். காத்தக்காவைவிடப் பத்து வயது இளையவர். நடந்ததைக் கேட்டதும் குந்தி அமர்ந்து, ஒன்பதாம் எண்ணைச் சிறிது திறந்து முகர்ந்து பார்த்தார்.

"வாசனையே இல்லையேக்கா."

"எஞ்சின் புகையில இருக்கற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது தம்பி. மேல இருக்கறப்ப ஒண்ணும் தெரியாது. அறுபது அடிக்குக் கீழ போனப்புறம்தான் ஆளைத் தூக்கும்."

அவ்வாயுவைக் கண்டறியும் கருவி ஒன்று நிலையத்தில் இருந்தது. பழுதுபார்க்க அனுப்பி மூன்று வாரமாகியும் திரும்பவில்லை. முதலாளி எழுந்து நடந்தார். மீண்டும் வந்து நின்றார். கம்பிரசரில் வடிகட்டி இருக்கிறதே என்றார். அதற்கு இது அடங்காது என்றார் காத்தக்கா. பன்னிரண்டையும் காலி செய்து மறுபடி நிரப்பக் குறைந்தது ஆறு மணி நேரமாகும்; பெட்ரோல் எந்திரத்தை இனி நம்புவதற்கில்லை, மின்சாரமோ விடிந்த பிறகுதான் வரும். காலை ஆறு மணிப் படகை மறந்துவிட வேண்டியதுதான். இந்தக் குழுவுக்காக முதலாளி இரண்டு மாதம் காத்திருந்தார்.

"எல்லாமே நல்லாவும் இருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாம்."

"அப்புறம் என்னக்கா?"

"என் பொண்ணுகிட்ட ரெண்டாம் நம்பரை எடுத்துக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன் தம்பி. இதுக்கு மேல நீங்களே சொல்லுங்க."

முதலாளி அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். காத்தக்கா தரையில் அமர்ந்து, ஒன்றாம் எண்ணின் வால்வைத் திருகினார். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. நல்லதென்று தெரிந்த மூன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. தம் நினைவின்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

பயணம் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. காரணத்தை மறைக்க வேண்டாம் என்று காத்தக்கா கேட்டுக்கொண்டதால், முதலாளி விருந்தினர்களிடம் உள்ளதை உள்ளபடியே சொன்னார். மூவர் உடனே விலகிக்கொண்டனர். பல் மருத்துவரும் அவர்களுள் ஒருவர். அவர் கோபப்படக்கூட இல்லையாம். நன்றி சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாராம்.

வெள்ளிக்கிழமை முழுவதும் மின்சாரம் இருந்தது. ஆனால் காத்தக்காவுக்குத் தம் கைகளே அயலார் கைகளாகிவிட்டன. இறுக்கிய திருகை மறுபடி தொட்டுப் பார்த்தார். புகையே விடாத எந்திரத்தின் அருகே நின்றுகொண்டு, கால்மணிக்கு ஒருமுறை வெளியே வந்து காற்று எத்திசையில் வீசுகிறதென்று பார்த்தார். வேறு எதை மறந்திருக்கிறோம் என்று தெரியாததுதான் அவரை அதிகம் வாட்டியது.

சனிக்கிழமை காலை படகுத்துறையில், மற்ற அனைவரும் ஏறிய பின்னும் மகள் ரப்பர் உடையோடு ஏறுபலகையில் நின்றாள். இரண்டு நாளாகத் தாயின் முகத்தைக் கவனித்து வந்தவள் அவள்.

"அம்மா, நீயே சொல்லு. போகட்டுமா?"

கடினமான கேள்வி அது. வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் அவள் இறங்கிவிடுவாள். ஆனால் அச்சொல் படகில் இருந்த நான்கு விருந்தினர் காதிலும் விழும். அவர்களும் இறங்க வேண்டியதுதான் முறை. காற்று நன்றென்றால் எல்லோருக்கும் நன்று; இல்லையென்றால் ஒருவருக்கும் ஆகாது. முதலாளி கயிற்றைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்.

"போயிட்டு வாடி," என்றார் கடைசியாக. குரல் அவருக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொன்னார்.

படகு கண்ணுக்கு மறைந்ததும், மறுநாளுக்கான சிலிண்டர்களைக் கழுவ உட்கார்ந்தார். ஒன்றைக் கழுவி முடிக்கவில்லை. எழுந்து துறைக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். ஒன்பது மணிக்கு அவர்கள் மூழ்கியிருப்பார்கள். ஒன்பதேகாலுக்கு அறுபதடியில் இருப்பார்கள். அவர்கள் கீழே இருக்கும் அரைமணி நேரமும் அவர் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ நலம் விசாரித்ததற்கு ஏதோ பதில் சொன்னார். என்ன சொன்னார் என்பது நினைவில்லை.

பதினொன்றரை மணிக்குப் படகு திரும்பியது. போனவர்கள் எட்டுப் பேர்: விருந்தினர் நால்வர், மகள், முதலாளி, வழிகாட்டி, படகோட்டி. காத்தக்கா ஒவ்வொரு தலையாக எண்ணினார். எட்டு வந்தது. நம்பாமல் மறுபடி எண்ணினார். மகள் பலகையில் குதித்து வந்து, கிளிப்பச்சை மீன்களைப் பற்றியும் முதலாளியின் காலைக் கவ்வ வந்த விலாங்கைப் பற்றியும் மூச்சுவிடாமல் சொல்லத் தொடங்கினாள். காத்தக்கா அவள் முகத்தைப் பாராமல், தோளுக்கு மேலே பார்த்து, மூன்றாம் முறையாக எண்ணிக்கொண்டிருந்தார்.