ஹாக்கன்சாக்கில் ஒரு டச்சு வரி

நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் ஒரு பழைய தேவாலயத்தின் முன் அக்கா காரை நிறுத்துகிறாள். கல்லறைத் தோட்டத்தில் டச்சு மொழியில் பொறித்த சிவப்புக் கல் ஒன்றை ஓர் அமெரிக்க மூதாட்டி துடைத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய முன்னோரின் கல்லாம். ஆங்கிலேயர் ஆட்சி வந்த பிறகும் இங்கே முன்பே குடியேறியிருந்த டச்சுக் குடும்பங்கள் வீட்டில் டச்சுதான் பேசினவாம். பக்கத்து ஊர் ஆங்கிலேயர்கள் அவர்களை வேற்று ஆட்களாகவே பார்த்தார்களாம். "எனக்கு டச்சில் ஒரு சொல்கூடத் தெரியாது," என்கிறார்.

அக்கா என் பக்கம் திரும்புகிறாள். "டேய், நம்ம பழவேற்காட்டுலயும் இதே மாதிரி கல்லு இருக்கே. படிச்சுக் காட்டேன்."

சென்னை ஆங்கிலேயருடையதாக இருந்தபோது, அதற்கு வடக்கே எங்கள் ஊர் டச்சுக்காரர்களிடம் இருந்தது. அங்கே வந்த ஒரு பயணி அங்குள்ள கல்லைப் படித்துச் சொல்லக் கேட்ட முதல் வரி மட்டும் எனக்குத் தெரியும்; இந்தக் கல்லும் அதே சொற்களில்தான் தொடங்குகிறது.

"ஹியர் லெய்ட் பெஹ்ராவென்," என்று படித்து, இங்கே அடக்கமாகியிருக்கிறார் என்று பொருளும் சொல்கிறேன்.

மூதாட்டி துணியைக் கீழே வைக்கிறார். "பொருள் இருக்கட்டும். அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை சொல்லுங்கள்."

சொல்கிறேன். கண்களை மூடிக்கொண்டு, அவரும் மெல்லச் சொல்லிப் பார்க்கிறார்.

"எங்கள் வீட்டில் இப்படித்தான் பேசியிருப்பார்களா?"

சரியான உச்சரிப்பு எனக்கும் தெரியாது. அதைச் சொல்லிவிட்டு, அவருக்காக மறுபடியும் படிக்கிறேன்.