சோலைராஜ் அறுக்காத நாற்காலி

இது யாரோ சொல்ல யாரோ கேட்டு வந்த கதை இல்லை. ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டோரம் மரப்பட்டறை வைத்திருந்த சோலைராஜுக்கு நடந்தது. நடுராத்திரியில்கூட இல்லை, பட்டப்பகலில். அந்த மெஷின் இன்றைக்கும் அதே பட்டறையில்தான் நிற்கிறது. நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். தனியாக மட்டும் போக வேண்டாம்.

1991ஆம் வருசம். கோயம்புத்தூரிலிருந்து வட்ட ரம்ப மெஷின் வந்து இறங்கி இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. இரும்பு மேசை, நடுவில் பாதி வெளியே தெரிகிற பிளேடு, பக்கத்தில் அளவு வைத்துப் பூட்டுகிற ஸ்டாப்பர் கட்டை. பதினெட்டு அங்குலத்தில் பூட்டிவிட்டால் நூறு துண்டு அறுத்தாலும் நூறும் பதினெட்டுதான். மரம் அந்தக் கட்டையில் முட்டி நின்றுவிடும், தாண்டிப் போகாது. சோலைராஜுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. அவரோடு பத்து வருசமாகக் கைரம்பம் இழுத்த சங்கிலிப்பாண்டிக்கோ வாய் சும்மா இருக்காது.

"இனிமே நம்ம ரெண்டு பேருல ஒருத்தர் வீட்டுக்குப் போயிரலாம் அண்ணாச்சி. யாருன்னு நீங்களே சொல்லுங்க."

"நீதாம்லே. இது வாய் பேசாம வேலை பாக்குது."

ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு வந்தார் வேதசிரோமணி. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு, நூல் மில்லில் கணக்கர் வேலை. சாப்பாட்டு மேசை ஒன்று, நாற்காலி நான்கு வேண்டும் என்றார். ஆறு போட்டால்தான் மேசைக்கு எடுப்பாக இருக்கும் என்று சோலைராஜ் சொல்லிப் பார்த்தார். வந்தவர் சட்டைப் பித்தானைத் திருகினார். பிறகுதான் விசயத்தைச் சொன்னார்.

போன வருசம் காய்ச்சலில் மகன் போய்விட்டான். ஐந்து வயது, ஒரே ஆண்பிள்ளை. இவர் மனைவி அன்னத்தாய் இன்னமும் அவன் நாற்காலிக்கு முன்னால் தட்டு வைத்துச் சோறு போடுகிறாள். அவன் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். தட்டு காலியாவதில்லை, அதனால் அவளும் சாப்பிடுவதில்லை. ஆள் ஈர்க்குச்சி மாதிரி ஆகிவிட்டாள். பழைய மேசை நாற்காலியையெல்லாம் கூமாப்பட்டியில் ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். புருசன், பெண்டாட்டி, இரண்டு பெண்பிள்ளைகள். ஆளுக்கு ஒரு நாற்காலி, அவ்வளவுதான்.

"அஞ்சாவதா ஒண்ணு அந்த வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா, அவ எனக்கு இல்ல மேஸ்திரி."

"வராது சார். நான் பொறுப்பு."

மறுவாரம் தேக்கு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, உச்சிப் பொழுது. வெளியே மழை கொட்டுகிறது. ஸ்டாப்பரைப் பதினெட்டில் பூட்டினார். முன்கால் எட்டு வேண்டும். சங்கிலிப்பாண்டி மரத்தைத் தள்ள, சோலைராஜ் எதிர்ப்பக்கம் நின்று வாங்கி அடுக்கினார்.

ங்ங்ஙீ... க்ரீச். ங்ங்ஙீ... க்ரீச்.

மெஷினை நிறுத்தி எண்ணினால், பத்து.

"ஏலே, எட்டுத்தான சொன்னேன்?"

"எட்டுத்தான் அறுத்தேன்."

வேகத்தில் கணக்குத் தப்பியிருக்கும் என்றுதான் நினைத்தார். ஆனால் அடுக்கில் இரண்டு கால் மட்டும் மற்றதைவிடத் தலைதூக்கி நின்றன. டேப்பை வைத்தார். இருபத்திரண்டு அங்குலம். ஸ்டாப்பரைப் பார்த்தார். பதினெட்டில் பூட்டியபடியே கிடக்கிறது. அதைத் தாண்டி மரம் எப்படிப் போனது? மிச்சம் கிடந்த தேக்கை அளந்தார். எட்டுக் கால் அறுத்தால் எவ்வளவு மீந்திருக்க வேண்டுமோ அவ்வளவு அப்படியே இருந்தது.

பின்கால் அறுத்தார்கள். அதிலும் இரண்டு கூடுதல். அவை இரண்டும் மற்றதைவிட நான்கு அங்குலம் நீளம்.

 சங்கிலிப்பாண்டி நீளக்கால் ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணாச்சி... சின்னப் பிள்ளைக்குத்தான் இப்பிடி ஒசரக்கால் வைப்பாக. மேசை எட்டணும்ல."

 இறந்துபோன பிள்ளையைப் பற்றி அவனிடம் சோலைராஜ் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்போது கரண்ட் போனது. மணி பன்னிரண்டரை இருக்கும். சங்கிலிப்பாண்டி டீ குடித்துவிட்டு வாரேன் என்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போனான். அன்றைக்கு அவன் திரும்பி வரவில்லை.

சோலைராஜ் மெயின் சுவிட்சைத் தன் கையால் இறக்கிவிட்டு உட்கார்ந்தார். மழை இருட்டு. தகரக்கூரையில் மழைச் சத்தம். வேறொன்றும் இல்லை.

ங்ங்...

நிமிர்ந்தார். காற்றாடி ஓடவில்லை. லைட் எரியவில்லை.

பிளேடு சுற்றிக்கொண்டிருந்தது.

ங்ங்ஙீ...

க்ரீச்.

ஏதோ விழுந்தது.

எதிர்ப்பக்கம்.

பலகை... உட்காரும் பலகை. சின்னது.

தொட்டார். சுட்டது.

நான்கு நீளக்காலையும் அந்தப் பலகையையும் அள்ளிக்கொண்டுபோய் டீ போடுகிற அடுப்பில் திணித்து மண்ணெண்ணெய் ஊற்றினார். முழுக்கச் சாம்பலாகும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. சாம்பலையும் சாக்கடையில் கரைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

பதினைந்து நாளில் வேலை முடிந்தது. வேனில் நாற்காலிகளை அவரே ஏற்றினார். நான்கு. கயிறு போட்டுக் கட்டியதும் அவரே. டிரைவர் ராபர்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வழியில் எங்கேயும் வண்டி நிற்கவில்லை.

மடவார் வளாகத்தில் கயிற்றை அவிழ்த்தார்.

ஐந்து.

அன்னத்தாய் வாசலுக்கு வந்திருந்தாள். நேராக உயரமான நாற்காலியிடம் போனாள். அதன் முதுகைத் தடவினாள்.

"அவனுக்கும் செஞ்சிட்டீகளா?"

வேதசிரோமணி சோலைராஜைப் பார்த்தார். சோலைராஜ் மறுபடியும் எண்ணிப் பார்த்தார்.

இனி என்ன ஆகுமோ என்று மேஸ்திரி ஒரு வாரம் தூக்கமில்லாமல் கிடந்தார். எட்டாம் நாள் வேதசிரோமணியே பட்டறைக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. அன்னத்தாய் சாப்பிடுகிறாளாம். முதல் நாள் ராத்திரியிலிருந்தே வயிறாரச் சாப்பிடுகிறாளாம். அந்தத் தட்டு என்ன ஆகிறது என்று சோலைராஜ் கேட்டார்.

"காலியாயிருது," என்றார் அவர். சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

நான்கு வருசம் ஓடிவிட்டது. 1995இல் மேசை ஆடுகிறது என்று கூப்பிட்டுவிட்டார்கள். சோலைராஜ் போனார். அன்னத்தாய் நன்றாகத் தேறியிருந்தாள். மேசையைச் சரிசெய்துவிட்டு எழுந்தவர் கண்ணில் அந்த நாற்காலி பட்டது. ஏதோ உறுத்தியது. டேப்பை வைத்தார்.

இருபத்திரண்டு இருந்த கால், இப்போது இருபது அங்குலம்.

கவிழ்த்துக் காலின் அடியைப் பார்த்தார். கைரம்பம் பட்டால் வரிவரியாகத் தடம் இருக்கும். இது வழவழவென்று இருந்தது. மெஷின் அறுப்பு.

"இதை யாரும்மா அறுத்தா?"

"வளர்ற பிள்ளைக்கு அம்புட்டு ஒசரம் எதுக்கு அண்ணாச்சி?" என்று சிரித்தாள் அன்னத்தாய். தட்டு எடுத்து வைக்க உள்ளே போய்விட்டாள்.

பட்டறைக்குத் திரும்பியதும் சங்கிலிப்பாண்டியிடம் விசாரித்தார். மெஷினுக்கடியில் எப்போதாவது தேக்குத் துண்டு கிடந்ததா?

"கெடக்குமே. வருசத்துக்கு ஒருக்கா, காலையில கதவத் தொறந்ததும் நாலு வில்லை. அரை அங்குலக் கனம். நீங்கதான் எதுக்கோ அறுக்கீகன்னு அடுப்புல போட்டுருவேன்."

அன்றைக்கே மெஷினை விற்றுவிடுவது என்று முடிவெடுத்தார். வத்திராயிருப்பிலிருந்து ஆள் வந்து பேசி முடித்தான். மறுநாள் லாரி வருவதாக ஏற்பாடு.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் பட்டறை வாசலில் வேதசிரோமணி நின்றுகொண்டிருந்தார். மெஷினை விற்கிற சேதி அவருக்கு எப்படிப் போனது என்று தெரியவில்லை. ஐந்தாவது வேண்டவே வேண்டாம் என்று சொன்ன அதே மனுசர், சோலைராஜின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வித்திராதீக மேஸ்திரி. அவன் மத்தவுக மாதிரி உக்காரணும்னா இன்னும் ரெண்டு அங்குலம் அறுக்க வேண்டியிருக்கு."