ஏரிப் பக்கம், மேல்மாடி அறை

இதை நம்பித்தான் ஆக வேண்டும் என்று யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. ஆனால் இதில் வரும் நேரங்களை மட்டும் சந்தேகப்படாதீர்கள். நேரத்தைக் குறித்து வைப்பதுதான் எங்கள் ஆபீஸ் அக்காவின் பிழைப்பு.

லிஃப்ட் கம்பெனியில் அவளுக்குப் புகார் மேசை. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் அடிக்கிற போன் அவளிடம்தான் வரும். எடுத்ததும் மணி பார்த்து எழுத வேண்டும். அடுத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். "ஆள் கிளம்பியாச்சு, வந்துட்டே இருக்காங்க." மெக்கானிக் அந்த நேரத்தில் எங்காவது நின்று சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருப்பான். ஆனாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் பதறிப்போய்க் கதவை உதைக்க ஆரம்பித்துவிடுவார். பதினோரு வருடமாகத் தினம் பத்துத் தடவை சொல்லிச் சொல்லி, அது பொய் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. ஆபீசில் அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். எனக்குப் பக்கத்து மேசை.

நிஜத்தில் அவளுக்கு ஒரே ஒரு தங்கை. முப்பத்தொரு வயதாகியும் வீட்டில் பெயர் வாண்டு. அப்பா அம்மா போன பிறகு இவளுக்கு அவள், அவளுக்கு இவள். வாண்டுவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஆறு வருடம். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காக இடது முன்கையில் ரத்தக் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் காதை வைத்தால் ரத்தம் ஓடுவது கேட்கும். ஷ்ஷ்... ஷ்ஷ்... ஷ்ஷ்... அந்தச் சத்தம் நின்றால் உடனே தூக்கிக்கொண்டு ஓடி வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அதனால் அக்கா ராத்திரியில் நாலு தடவை எழுந்து தங்கையின் கையில் காதை வைத்துவிட்டுப் படுப்பாள். ஆறு வருடமும் அதுதான் தூக்கம்.

வாண்டுவுக்குத் தண்ணீரும் அளவுதான். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். எப்போது பார்த்தாலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

"மலையடிவாரத்துல ஒரு ஊரு இருக்குக்கா. ஊரு நடுவுல பெரிய ஏரி. பஸ்ல மூணே மணி நேரம். அவ்ளோ தண்ணியையும் கண்ணாலயாவது குடிச்சுக்கறேன்."

விளையாட்டாகச் சொன்னது நாளாக ஆகப் பெரிய திட்டமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தால் திங்கள் வரை தொந்தரவு இல்லை. அதனால் அடுத்த மாதம் நாலாம் தேதி, சனிக்கிழமை கிளம்புவது. மலை தெரிய பஸ்ஸில் இடது பக்கம் உட்காருவது. காலை ஆறரைக்கு, தண்ணீர் கலங்காமல் இருக்கும்போது படகு. ஏரிக்கரையில் ஒரு சின்ன லாட்ஜ், மேல்மாடியில் மூலை அறை. டயாலிசிஸ் ஊசியோடு படுத்திருக்கும் நாலு மணி நேரமும் வாண்டு இதையே யோசித்துக்கொண்டிருப்பாள்.

"ரூம் போட்டியாக்கா?"

அன்றைக்கு அக்காவுக்கு ஏகப்பட்ட புகார். களைத்துப்போய் வந்திருந்தாள். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"போட்டாச்சு. ஏரிப் பக்கம் ஜன்னல்."

மறுநாள் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். மறுநாள் மறந்தது. அதற்கு மறுநாள் ஆபீசில் ஆள் இல்லை. அப்படியே நாள் ஓடிவிட்டது.

பதினாலாம் தேதி காலையில் ஆஸ்பத்திரியில் வாண்டு போய்விட்டாள். போவதற்குக் கொஞ்சம் முன்னால் அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நான் இல்லேன்னாலும் நீ போயிட்டு வா. ரூமைக் கேன்சல் பண்ணிடாத."

கேன்சல் செய்வதற்கு அறை என்று ஒன்று இருந்தால்தானே? அக்கா "சரிடி" என்றாள். சாகிறவளிடமும் அந்தப் பொய். அது அவளைத் தின்றுகொண்டிருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரியில் பழக்கதோஷத்தில் நாலு தடவை எழுந்து, காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டுப் படுத்தாள்.

நாலாம் தேதி வந்தது. அன்றும் வேலைக்கு வந்திருந்தாள்.

மணி 3:10. போன். அக்கா நேரத்தை எழுதினாள்.

"மேடம், ஏரிக்கரை லாட்ஜ்லேர்ந்து பேசறேன். உங்க தங்கச்சி வந்து சேர்ந்துட்டாங்க. நீங்க எப்ப வர்றீங்கன்னு கேக்கச் சொன்னாங்க."

அவள் வாயிலிருந்து பழகிய வாக்கியம்தான் வந்தது.

"கிளம்பியாச்சு... வந்துட்டே இருக்கேன்."

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. முகத்தில் ரத்தமே இல்லை. நான் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "யாரோ விளையாடறாங்க, போகாதீங்கக்கா" என்றேன்.

"எந்த லாட்ஜுன்னு எனக்கும் அவளுக்கும்தான் தெரியும்" என்றாள். "திரும்பவும் வர்றேன்னு சொல்லிட்டேன். இந்தத் தடவை போயே ஆகணும்."

அதற்குப் பிறகு நடந்தது அவள் சொல்லி நான் கேட்டது.

3:45 பஸ். இடது பக்கம் உட்கார்ந்தாள். மலை வந்தது. அவள் பார்த்தது முக்கால்வாசி பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைத்தான். வழியில் நின்றுகொண்டு வந்தவர்கள்கூட ஏனோ அங்கே உட்காரவில்லை.

6:50. லாட்ஜ்காரர் வயதானவர். ஆச்சரியமே படாமல் மாடியைக் காட்டினார்.

"மேலதான் இருக்காங்க. சால்வை போத்திக்கிட்டு, இடது கையைத் தூக்கிப் புடிச்சிக்கிட்டே வந்தாங்க. கையில அடியா மேடம்?"

அவள் படிப் பக்கம் நடந்தாள்.

"மூணு ஜக் தண்ணி கேட்டு வாங்கிக்கிட்டாங்க. அவ்ளோ தாகம்."

மரப்படி. பதினாறு படிகள். எண்ணிக்கொண்டே ஏறினாள். மூலை அறைக் கதவு சும்மா சாத்தியிருந்தது.

உள்ளே விளக்கு எரிந்தது. ஆள் இல்லை. ஜன்னல் திறந்திருந்தது. கீழே ஏரி, அக்கரையில் வரிசையாக விளக்குகள். வாண்டு சொன்ன மாதிரியே அவ்வளவு தண்ணீர்.

ஜன்னல் விளிம்பில் மூன்று ஜக். மூன்றும் காலி.

இரண்டு கட்டில்கள். ஜன்னலோரக் கட்டிலில் யாரோ படுத்து எழுந்த பள்ளம். இடது கையை வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு தலையணை.

தொட்டாள்.

ஈரம்.

மணி 7:25.

ஷ்ஷ்... ஷ்ஷ்... ஷ்ஷ்...

ஏரிச் சத்தமோ என்று ஜன்னலைச் சாத்தினாள்.

ஷ்ஷ்... ஷ்ஷ்...

சத்தம் அறைக்குள்தான் இருந்தது. அந்தத் தலையணையில்.

கால் ஓடச் சொன்னது. ஆனால் ஆறு வருடப் பழக்கம் விடுமா? குனிந்தாள். காதை வைத்தாள்.

ஓடிக்கொண்டிருந்தது... நன்றாக, சீராக.

"வந்துட்டேன்டி வாண்டு" என்றாள். "இந்தத் தடவை பொய் இல்லடி... நிஜமாவே வந்துட்டேன்."

அப்படியே படுத்தாள். அழுகை வந்தது.

முதுகுப் பக்கம் மெத்தை தாழ்ந்தது.

மெதுவாக.

அவள் திரும்பவில்லை...

கண் விழித்தபோது காலை 7:40. ஆறு வருடத்தில் முதல் தடவையாக இடையில் எழாமல் தூங்கியிருந்தாள். அறையில் எந்தச் சத்தமும் இல்லை. தலையணை காய்ந்திருந்தது.

கீழே இறங்கினாள். லாட்ஜ்காரர் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி 5:05க்கே கிளம்பிட்டாங்களே மேடம். அக்காவை எழுப்பாதீங்க, தூங்கட்டும்னு சொன்னாங்க."

"எங்க போறான்னு சொன்னாளா?"

"கேட்டேன். சிரிச்சாங்க. அப்படியே ஏரிப் பக்கம் நடந்து போயிட்டாங்க."

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"இந்த ரூமை யாருங்க போட்டது?"

"அவங்கதான், போன்ல. நல்லா ஞாபகம் இருக்கு. 'எங்கக்கா ரூம் போட்டுட்டேன்னு பொய் சொல்லிட்டா. இப்ப அதை நினைச்சு உக்காந்து அழுதுட்டிருக்கா. அவ பேர்லயே ஒரு ரூம் போட்டு வைங்க. நாலாம் தேதி நான் வந்ததும் அவ ஆபீசுக்கு ஒரு போன் பண்ணுங்க'ன்னாங்க."

"என்னிக்கு?"

அவர் நோட்டைப் புரட்டி விரல் வைத்துக் காட்டினார். போன மாதம் இருபத்திமூன்றாம் தேதி, மத்தியானம் 2:40.

அன்றைக்கு அக்கா அரை நாள் லீவு. எனக்கும் தெரியும், லீவுச் சீட்டை வாங்கி வைத்ததே நான்தான். 2:40க்கு அவள் வீட்டில் வாண்டுவின் கட்டிலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "ரூம் போடவே இல்லடி, பொய் சொல்லிட்டேன்டி" என்று முதல் தடவையாக வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

வாண்டு செத்து அன்றோடு ஒன்பது நாள்.