உட்பக்கத் தாழ்ப்பாள்

நான் கேட்டது ஒரு தாழ்ப்பாள். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் வாங்கி வந்தார்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கிணறு இருந்தது. கிணற்றடியில் நாலு கம்பு நட்டு ஓலைத்தட்டி கட்டியிருப்பார்கள். பெண்கள் குளிக்கிற இடம் அவ்வளவுதான். நான் மருமகளாக வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர் பஞ்சுப் பொதி அடுக்க மாடி எடுத்துவிட்டார். பொதி ஏற்றுகிற ஆட்கள் திரும்பினால் தட்டிக்குள் இருப்பது அப்படியே தெரியும். வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வாழ்கிற குடும்பம் எங்களுடையது. அதனால் பெண்கள் எல்லாரும் விடிகாலைத் தொழுகைக்கான சுபுஹு பாங்குக்கு முன்னால், இருட்டோடு இருட்டாக, மலைக்காற்றில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு, நாலு செம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டு உள்ளே ஓடிவிட வேண்டும்.

தலைப்பிரசவம் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தாய்வீட்டில் நடந்தது. அங்கே சின்னதாக ஒரு குளியலறை உண்டு. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டால் வீடே இடிந்தாலும் யாரும் வர முடியாது. பிள்ளை பெற்ற தீட்டுக் கழிந்து நாற்பதாம் நாள் குளிக்கிற நாற்பது குளிப்பை அங்கேதான் குளித்தேன். ஒரு மயிர்க்கால் விடாமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் பட வேண்டும், அப்போதுதான் தொழலாம், குர்ஆனைத் தொடலாம். பயந்து பயந்து குளிக்கிற குளிப்பு இல்லை அது. இரண்டாவது பிரசவம் புகுந்த வீட்டில்தான் என்று முடிவானதும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: காலுக்கு ஒரு கல், நாலு சுவர், ஒரு கதவு, உள்ளே ஒரு தாழ்ப்பாள்.

மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "இம்புட்டு வருசமா இருட்டுல குளிச்சு நான் என்ன தேஞ்சா போயிட்டேன்?" என்றார். என் வீட்டுக்காரர் மட்டும் உடனே சரி என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அவரும் அவருடைய அண்ணனும் பஞ்சு வியாபாரிகள். எதையும் நாலு கடை ஏறி இறங்காமல் வாங்க மாட்டார்கள். வண்டி கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பாத்திரக்கடைத் தெருவுக்குப் போய், வெந்நீர் போட ஒரு செம்பு அண்டா வாங்கி வந்தார்கள். வாய் குறுகலாக இருக்கிறது என்று அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. திரும்ப வண்டி கட்டி அதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினார்கள். அது அடுப்பில் உட்காரவில்லை. மறுபடியும் வண்டி. குளிக்கப் போகிற எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மாடுகளாவது பிழைத்திருக்கும்.

சுவர் எழும்பிய பிறகு அண்ணனுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. தண்ணீர் விழ வாங்கிவந்த பித்தளைக் குழாயை மேற்குச் சுவரில் வைத்தால், துணியில்லாமல் தொழுகைத் திசையைப் பார்த்து நிற்க வேண்டி வருமே! கடைக்கு வந்த ஆளெல்லாம் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் குழாய் வடக்குச் சுவருக்குப் போனது. அதற்காகச் சுவரில் பாதியை இடித்தார்கள். என் வயிறு மாதம் ஏறிக்கொண்டிருந்தது, இவர்கள் சுவர் இறங்கிக்கொண்டிருந்தது.

போதாக்குறைக்கு, மலைத்தோட்டத்துத் துரை பங்களாவில் மேலேயிருந்து மழை மாதிரி தண்ணீர் கொட்டுகிறது, அதற்கு ஷவர் என்று பெயர் என்று யாரோ என் வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்தார்கள். பிடித்தது பைத்தியம். ஒரு தகரக்காரரைப் பிடித்துக் கூரைமேல் தொட்டி செய்ய வைத்து, அடியில் ஓட்டை ஓட்டையாக ஒரு தட்டும் மாட்டினார். கதவு எங்கே என்று கேட்டேன். அது கடைசி வேலை என்றார்.

பிள்ளை பிறந்தது. தொட்டியும் முடிந்தது. கிணற்றில் இறைத்த தண்ணீரைக் குடத்தில் சுமந்து, ஏணியில் ஏறி, அந்தத் தொட்டியில் ஊற்றப்போவது யார் என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. கூரைமேல் நின்றால் பக்கத்து மாடிக்கு நேர் எதிரே நிற்க வேண்டும். மாமியார் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "குளிக்கிறத மறைக்கக் கெட்டிப்புட்டு, தண்ணி ஊத்துறத ஊருக்குக் காட்டணுமாக்கும்." என் வீட்டுக்காரர் தாமே ஒருநாள் ஏணியில் ஏறினார். பாதிக் குடத்தைத் தம் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டு இறங்கினார். அதோடு மழை ஓய்ந்தது.

நாற்பது குளிப்பு நாளும் வந்தது. பட்டப்பகலில், அண்டா நிறைய வெந்நீர் போட்டுவைத்து, மாற்றுத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். முந்தின நாள்தான் மாட்டிய கதவு, நல்ல தேக்கு. சாத்திவிட்டுத் தாழ்ப்பாளைத் தேடினேன். இல்லை. மேலே கீழே தடவிப் பார்த்தேன், ஒரு கொக்கிகூட இல்லை. வெளியே வந்து பார்த்தால், பஞ்சுப் பொதி வைக்கிற கிட்டங்கிக்குப் போடுவது போலக் கட்டை விரல் கனத்தில் இரும்புச் சங்கிலியும் நாதாங்கியும் கையகலப் பூட்டும் தொங்கின. அண்டாவும் பித்தளைக் குழாயும் களவு போய்விடக் கூடாதாம்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கடையிலிருந்து அவரை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். வந்தவரிடம் கதவின் உள்பக்கத்தைக் காட்டினேன்.

"அண்டாவ ஒருத்தனும் தொட்டுறக் கூடாதுன்னு இம்புட்டுப் பெரிய பூட்டு போட்டிருக்கீக மச்சான். உள்ள நிக்கிற என்னைய எவன் தெறந்து பாத்தாலும் ஒங்களுக்குப் பரவாயில்லையா?"

அவர் கதவைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். வெளியே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, அதில் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தார். கடையில் வியாபாரிகள் காத்திருப்பதாகச் சொல்லியனுப்பினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. நான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு செம்பாக, ஆற அமர, அண்டா காலியாகும்வரை ஊற்றிக்கொண்டேன்.

ஈரத்தலையோடு நான் வெளியே வந்ததும் அவர் எழப் போனார். அடுப்பங்கரைப் பக்கமிருந்து மாமியார் வந்தார். ஒரு கையில் வெந்நீர்க் குடம், தோளில் மாற்றுச்சேலை. என் முகத்தைப் பார்க்காமல் மகனிடம் சொன்னார்:

"செத்த நேரம் அப்படியே உக்காருலே. நானும் ஒருநாள் வெளிச்சத்துல குளிச்சிட்டு வாரேன்."